வாவி தெரியும் வீடு

கண்டியில் பழைய வீடொன்றை வாங்கித் திருத்தி வாடகைக்கு விட நினைப்பவர், முதலில் ‘வாவி தெரியும்’ என்ற விளம்பரச் சொல்லுக்குப் பொருள் படிக்க வேண்டும். தண்ணீர்த் தாங்கிமேல் ஏறி, பக்கத்து வளவுப் பலா மரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் தெரியும். அதற்காகத் தரகர் பேர்ச்சஸுக்கு ஒரு தொகை கூட்டிச் சொல்வார். ஒரு பேர்ச்சஸ் 272¼ சதுர அடி. ஹந்தானைச் சரிவில் அதில் பாதி செங்குத்தாக நிற்கும்.

முற்பணத்துக்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையைக் கேளுங்கள். “இத்தனை காலம் நின்ற வீடுதானே, ஐயா!” என்பார் தரகர். வீடு நிற்கும், மலைதான் நடக்கும். காணிப் பதிவகத்தில் 30 வருடப் பதிவையாவது நொத்தாரிசைக் கொண்டு தேடுங்கள். இல்லையேல் குளியலறைக்கு டைல்ஸ் பதித்த மறுநாள், யாரோ பெரியம்மாவின் பங்குக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார்.

மேசன்பாஸ் “பெரஹெராவுக்கு முன் முடித்துவிடலாம்” என்றால், எந்த வருடத்துப் பெரஹெரா என்று எழுதி வாங்குங்கள். கூரை ஒழுக்கு அவர் கணக்கில் சேராது.

வேலை இழுபடுகிறதென்று கலங்கவும் வேண்டாம். வயலை வாவியாக்கிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுக்கு 1815இல் இராச்சியமே கைநழுவியது. அவர் எழுப்பத் தொடங்கிய வாவியோர முகில் மதில் இன்னும் அரைகுறைதான். அதன் முன் நின்று படம் எடுக்காத உல்லாசப் பயணி உண்டா?