ஒற்றை ஆள் வாரியம்

அமெரிக்க மத்திய அரசு ஊழியரின் சீட்டைக் கிழித்தால், அவர் போய் முறையிட ஓர் இடம் உண்டு: 1978ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த தகுதிமுறைப் பாதுகாப்பு வாரியம். உறுப்பினர்கள் மூவர். மேல்முறையீட்டில் முடிவு சொல்லக் குறைந்தது இருவராவது வேண்டும்.

2017 ஜனவரியில் மிஞ்சியவர் ஒருவர், மார்க் ராபின்ஸ். மனிதர் சும்மா இருக்கவில்லை. கோப்புகளைப் படித்தார், தன் முடிவை எழுதினார், இன்னொருவர் வந்து கையெழுத்துப் போடட்டும் என்று அடுக்கி வைத்தார். இரண்டு ஆண்டுக்கு மேல் இதே திருப்பணி. இன்னொருவர் வரவே இல்லை. 2019 பிப்ரவரி இறுதியில் அவர் கிளம்பியதும், எழுதியது அத்தனையும் செல்லாக்காசு. (வாங்கிய சம்பளம் செல்லும்.)

பிறகு மூன்று ஆண்டு, மூன்று நாற்காலியும் காலி. வாரியத்தின் கீழ்மட்ட நீதிபதிகள் பாட்டுக்குத் தீர்ப்பளித்தார்கள். மேல்முறையீடுகள் மேலே போய் உறங்கின. 2022 மார்ச்சில் ஆள் வந்தபோது தேங்கியிருந்தவை ஏறக்குறைய 3,800.

அந்தக் குவியல் கரைந்து முடிகிற நேரம் பார்த்து, 2025இல், உறுப்பினர் கேத்தி ஹாரிஸை அதிபர் டிரம்ப் நீக்கினார். அடுத்தவர் பணிநீக்கம் முறைதானா என்று பார்த்துக்கொண்டிருந்தவர், தன் பணிநீக்கத்துக்காக நீதிமன்றப் படியேறினார். அவர் முறையிட அவருடைய வாரியத்தில் வழியில்லை.