கால் சுற்றுக் கோட்பாடு: பழைய புல்லட்டில் அளவுக்கு மேல் முறுக்குதல் குறித்த ஆராய்ச்சி

பழைய மோட்டார் சைக்கிள் ஏன் அடிக்கடி பழுதாகிறது என்ற கேள்விக்கு நாட்டில் மூன்று விடைகள் வழங்கி வருகின்றன. வண்டிக்கு வயதாகிவிட்டது, பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடலாம் என்பது ஒன்று. இது வண்டிக்காரரின் வீட்டார் கொள்கை. பெட்ரோல் முன்போல் சுத்தமாக வருவதில்லை என்பது இன்னொன்று. இது வண்டிக்காரரின் கொள்கை. மூன்றாவது விடை மெக்கானிக்குடையது. அவர் அதை விடையாகச் சொல்வதில்லை. குனிந்து எஞ்சினைப் பார்க்கிறார், நிமிர்ந்து வண்டிக்காரரைப் பார்க்கிறார், பிறகு கேட்கிறார்: "யாருண்ணே இதுல கை வச்சது?"

முதலிரண்டையும் மறுத்து மூன்றாவதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். வீட்டில் பராமரிக்கப்படும் பழைய வண்டியின் நோய்களில் பெரும்பாலானவற்றுக்குத் துருவும் மூலம் அல்ல, தேய்மானமும் மூலம் அல்ல. நட்டு உட்கார்ந்துவிட்ட பிறகும் "எதுக்கும் இருக்கட்டும்" என்று வைக்கப்படும் கடைசிக் கால் சுற்றே மூலம். இதனைக் கால் சுற்றுக் கோட்பாடு என்க.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட புல்லட் 350. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்த வடிவமைப்பு. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து சென்னைக்கு வந்து திருவொற்றியூரில் குடியேறியது. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி, ஒற்றை சிலிண்டர். யமஹா ஆர்எக்ஸ் 100ஐ எடுத்திருக்கலாமே என்பாரும் உளர். ஆர்எக்ஸ் வைத்திருப்பவருக்கு வண்டியை ஓட்டுவதில்தான் நாட்டம். புல்லட் வைத்திருப்பவருக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்வதிலும் நாட்டம் உண்டு. மேலும், இன்றைய வண்டிகளைப் போல் இது தன் உறுப்புகளைப் பிளாஸ்டிக்கால் போர்த்திக்கொள்வதில்லை. நட்டு, போல்ட், மூடி எல்லாம் கண்ணெதிரே, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி சாப்பிட்ட கை சும்மா இருக்குமா?

இனி, உட்காருதல் என்பது யாது? நட்டின் அடிப்பரப்பு வாஷரை முழுக்கத் தொட்டு நின்ற நிலை. அதற்குமேல் தேவைப்படும் முறுக்கு கொஞ்சம் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. போல்ட் பிடிப்பதே அது துளி நீள்வதால்தான். இழுத்துக் கட்டிய ரப்பர் பேண்டு காகிதச் சுருளை இறுக்குவதுபோல், நீண்ட போல்ட் திரும்பச் சுருங்கப் பார்த்து இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. நீட்சிக்கு எல்லை உண்டு. எல்லை தாண்டினால் போல்ட் திரும்பச் சுருங்காது, பிடிப்பும் போய்விடும்.

அந்த எல்லையைத் தாண்டும் கணத்தை அருகிலிருந்து பார்ப்பது ஆய்வாளருக்குக் கிடைக்கும் பெரும் பேறு. ஸ்பேனர் கனத்துக்கொண்டே வருகிறது. உள்ளங்கையில் விளிம்பு பதிகிறது. கனம் இன்னும் ஏறுகிறது. திடீரென்று, ஒரு காரணமும் இல்லாமல், சுலபமாகிவிடுகிறது. மரை போய்விட்டது, அல்லது போல்ட் கழுத்து இளகிவிட்டது. கை இதை உடனே உணர்ந்துவிடும். மூளை ஒப்புக்கொள்ள நேரமாகும். இடைப்பட்ட நேரத்தில் முறுக்கியவர் சுற்றும் முற்றும் பார்க்கிறார். பிறகு ஸ்பேனரை மெதுவாக எடுத்து, எடுத்த இடத்தில் வைக்கிறார். பழைய துணியால் அந்த நட்டை மட்டும் பளபளவென்று துடைக்கிறார். துடைத்த நட்டைக் கண்டால் மெக்கானிக்குகள் சந்தேகப்படுவது இதனால்தான்.

மரை என்றதும் வரலாற்றுப் பின்னணி ஒன்று அவசியமாகிறது. 1841இல் ஜோசப் விட்வர்த் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், ஊருக்கு ஒரு மரை என்றிருந்த நிலையை மாற்ற ஓர் அளவுமுறையை முன்மொழிந்தார். அதில் மரையின் கோணம் 55 பாகை. பின்னாளில் உலகம் ஏற்றுக்கொண்ட மெட்ரிக் மரையின் கோணம் 60 பாகை. ஆங்கிலேய வண்டியின் வழிவந்தது ஆதலால் பழைய புல்லட்டில் அங்குல அளவும் மில்லிமீட்டர் அளவும் கலந்து கிடக்கும். பல கை மாறிய வண்டியானால் கேட்கவே வேண்டாம். கால் அங்குல போல்ட்டின் விட்டம் 6.35 மில்லிமீட்டர். ஆறு மில்லிமீட்டர் போல்ட்டுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு, எண்ணெய்க் கிண்ணத்தில் இரண்டும் சேர்ந்து ஊறும்போது கண்ணுக்குத் தெரியாது. புதுப்பேட்டை உதிரிபாகக் கடையில் கைப்பிடியாக அள்ளிவந்த போல்ட்டுகளில் ஒன்று மெட்ரிக் துளைக்குள் ஒரு மரை போகும், அடுத்ததில் முரண்டு பிடிக்கும். சிந்திப்பவன் இங்கே நிறுத்துவான். நம் வண்டிக்காரர் "துரு இருக்கு" என்று தீர்ப்பளித்து, அரை மூடி மண்ணெண்ணெய் விட்டு, பெரிய ஸ்பேனரை எடுக்கிறார். ஐந்து பாகை வித்தியாசத்தை அவர் தோள்வலியால் தீர்க்கப் பார்ப்பதில் ஒரு வீரம் இருப்பது உண்மை. சிலிண்டர் ஹெட் அலுமினியம், போல்ட் இரும்பு என்பதும் உண்மை.

இந்த அலுமினியத்துக்கும் இரும்புக்குமான சண்டை தெளிவாகத் தெரியுமிடம் ஸ்பார்க் பிளக். புது பிளக்கைக் கையாலேயே திருகி உட்காரவைத்த பிறகு, அதன் வாஷர் நசுங்க அரைச் சுற்று வேண்டும். கழற்றித் துடைத்த அதே பிளக்கைத் திரும்ப மாட்டும்போது வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கிறது. சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும். ஆனால் நம் வீடுகளில் பிளக் வாரம் ஒருமுறை கழற்றப்பட்டு, உப்புத்தாளால் தேய்க்கப்பட்டு, ஊதப்பட்டு, வெளிச்சத்தில் பார்க்கப்பட்டு, ஒவ்வொரு முறையும் புது பிளக்குக்குரிய மரியாதையோடு முறுக்கப்படுகிறது. கடைசியில் ஒருநாள் கிக்கரை மிதித்தால் பிளக் 'டப்' என்று வெளியே தெறிக்கிறது. ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறைக்கு எடுத்துப் போய்ப் புஷ் அடிக்க வேண்டும். பிளக்கின் விலையையும் புஷ் அடிக்கும் செலவையும் ஒப்பிடுவது ஆய்வுக்கு உகந்ததே. குடும்ப அமைதிக்கு உகந்ததன்று.

அடுத்தது எண்ணெய் ஒழுகல். புல்லட் நின்ற இடத்தில் பொட்டு வைத்துவிட்டுப் போகும் என்பது ஊரறிந்தது. இடப்பக்கத்து பிரைமரி செயின் கவரை எடுத்துக்கொள்வோம். அவ்வளவு பெரிய மூடியை நடுவில் உள்ள ஒரே ஒரு நட்டுதான் பிடித்திருக்கிறது. ஓரத்தில் ஒழுகலைத் தடுக்க ரப்பர் பேக்கிங். ஓரத்தில் எண்ணெய் கசிகிறது; ஆகவே நடுவில் உள்ள நட்டை முறுக்கு என்கிறது பாமர அறிவு. நடுவில் அமுக்க அமுக்க மூடி உள்வாங்கி, ஓரம் மேலே எழும்புகிறது. எழும்பினால் கசிவு கூடுகிறது. கசிவு கூடினால் மறுபடி முறுக்கு. மருந்தே நோயைப் பெருக்கி, பெருகிய நோய் மேலும் மருந்தைக் கேட்கும் இந்தச் சுழற்சிதான் கால் சுற்றுக் கோட்பாட்டின் அசைக்க முடியாத சான்று. பழைய பேக்கிங்கை மாற்றி, மூடி உட்கார்ந்ததும் அளவோடு நிறுத்தினால் பெரும்பாலும் ஒழுகல் நின்றுவிடும். நிற்காமல் போனால் அடியில் அட்டை போட்டுவைக்கலாம். அதுவும் மரபுக்கு உட்பட்டதே.

டேப்பட் சரிசெய்வது கொஞ்சம் நுட்பமான விஷயம். எஞ்சின் ஆறியிருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலே நிற்கும்போது, வால்வை இயக்கும் புஷ் ராடு மேலும் கீழும் ஆடக் கூடாது. ஆனால் இரண்டு விரலால் உருட்டினால் தடையில்லாமல் சுழல வேண்டும். முழு விதியும் இவ்வளவுதான். செய்துபார்த்தால் மூன்று அறுகோணங்களுக்கு மூன்று ஸ்பேனர் வேண்டும். மனிதனுக்குக் கை இரண்டு. பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு ஒன்றைப் பிடிக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவன் பிடிக்கும்போது லாக் நட்டை இறுக்கினால் அமைப்பு லேசாகத் திரும்பி, ராடு சுழலாமல் நின்றுவிடுகிறது. வண்டிக்காரர் கிளப்பிப் பார்க்கிறார். 'டிக் டிக்' சத்தம் போயே போச்சு! மகிழ்கிறார். இது சத்தம் போனதன்று, ஆபத்து வந்தது என்று அறிக. எஞ்சின் சூடானதும் வால்வு முழுக்க மூடாமல் விளிம்பு தீய்ந்து, கம்ப்ரஷன் குறைந்து, வண்டி மேட்டில் மூச்சு வாங்கும். லேசாகச் சத்தம் போடும் டேப்பட் புலம்பிக்கொண்டே வேலை பார்க்கும் ஊழியர் போல என்று எழுதத் தோன்றியது. ஆராய்ச்சிக் கட்டுரையில் உவமை மிகக்கூடாது என்பதால் விட்டுவிட்டேன்.

செயினும் கிளட்ச் கேபிளும் இதே இனம். செயின் தொய்வு இல்லாமல் விறைத்து நின்றால், ஆள் ஏறி உட்கார்ந்து பின்சக்கரம் மேலே எழும்பும்போது இன்னும் விறைத்து, பேரிங்கைத் தின்னும். கேபிளில் லீவர் பக்கம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆட்டம் இல்லையென்றால் கிளட்ச் வழுக்கும். விரித்துரைக்கத் தேவையில்லை.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் நம் வண்டிக்காரர் அளவு மீறுவதில்லை. அது காண்டாக்ட் பாயிண்ட். அதன் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் என்று எண்ணால் சொல்லப்பட்டிருக்கிறது. ஃபீலர் கேஜ் இல்லாத வீட்டில் சவர பிளேடை நான்காக அடுக்கினால் ஏறத்தாழ 0.4 வரும், அதையும் விரல் வெட்டிக்கொள்ளாமல் நுழைத்துப் பார்த்து, மூச்சைப் பிடித்து, திருகை மெல்ல இறுக்குகிறார். எண் சொல்லப்பட்ட இடத்தில் கை அடங்குகிறது; சொல்லப்படாத இடத்தில் தோள் புடைக்கிறது. இது தனியாக ஆராயத்தக்கது.

இங்கே எதிர்த்தரப்பின் வாதத்தைக் கேட்காமல் போவது அறமன்று. 90 மில்லிமீட்டர் மேலும் கீழும் ஓடும் ஒற்றைப் பிஸ்டன் வண்டியை உலுக்குகிறது. உலுக்கினால் நட்டு கழலும். கழன்றால் நடுரோட்டில் நிற்க வேண்டும். ஆகவே கூடுதலாக முறுக்குகிறோம் என்கின்றனர். கழல்வது மெய்யே. சைலன்சர் பிராக்கெட், நம்பர் பிளேட், ஹார்ன் எல்லாமே புல்லட்டில் தற்காலிக உறுப்பினர்கள்தாம். ஆயினும் அதிர்வுக்கு மருந்து ஸ்பிரிங் வாஷர், இரட்டை நட்டு, நைலான் நட்டு, ஸ்பிளிட் பின். இவற்றில் எதைக் கேட்டாலும் ஹார்டுவேர் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். கால் சுற்று மட்டும் இலவசம் என்பதால் அதற்கு மவுசு.

கோட்பாடு ஸ்பேனரோடு நிற்பதில்லை. மாடிஃபிகேஷன் என்று சொல்லப்படுவதும் கால் சுற்றின் வேறு உருவமே. 35 வாட் ஹெட்லைட் பல்பு போதாது. 60 வாட் போடு. 12 வோல்ட்டில் முன்னது மூன்று ஆம்பியர் கேட்டது, பின்னது ஐந்து கேட்கிறது. வயரிங்கோ பழையது. ரிலே வைக்காமல் பல்பை மட்டும் மாற்றினால் ஹேண்டில்பார் சுவிட்ச் சூடேறி இளகும். சிக்னலில் நிற்கும்போது ஹெட்லைட் கூட்டில் உள்ள அம்மீட்டரைப் பாருங்கள்: முள் மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கும். இரட்டை ஹார்னையும் அழுத்தினால் அது இன்னும் சாயும். அடுத்தநாள் காலை பேட்டரி சரியில்லை என்று கம்பெனியைத் திட்டுகிறோம்.

சைலன்சரின் உள்குழாயைப் பிடுங்கி எறிந்து 'தட தட' சத்தத்தை ஊர் முழுக்கக் கேட்கவைப்பது இன்னொன்று. புகை போகும் வழி மாறினால் காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதமும் மாறும். கார்பரேட்டர் ஜெட்டையும் மாற்ற வேண்டும். மாற்றாதவருக்கு எஞ்சின் சூடேறும், ஆக்சிலேட்டரை விடும்போதெல்லாம் 'பட் பட்' என்று வெடிக்கும். வெடிப்பது பவர் என்று அவர் நண்பர்களுக்கு விளக்குகிறார். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. பின்சக்கரத்தில் பாதியாவது மூடியிருக்க வேண்டும் என்றும் விதி உண்டு. சேலை கார்டைக் கழற்றினால் வண்டி ஒல்லியாகத் தெரிகிறது என்பவர்கள், பின்னால் யார் உட்காரப்போகிறார்கள் என்பதை முதலில் முடிவுசெய்வது நல்லது.

கடைசியாகக் கருவி. பத்தாம் நம்பர் ஸ்பேனர் குட்டையாகவும் இருபத்துநாலாம் நம்பர் நீளமாகவும் இருப்பது இரும்பை மிச்சம் பிடிக்க அல்ல. நீளம் இரட்டித்தால் முறுக்கும் இரட்டிக்கும்; சின்ன போல்ட்டைக் கையிடமிருந்து காப்பாற்றவே சின்ன ஸ்பேனர். தேர்ந்த மெக்கானிக் இதற்கும் ஒருபடி மேலே போகிறார். கடைசி இறுக்கத்தின்போது அவர் ஸ்பேனரின் வாலைப் பிடிப்பதில்லை. கழுத்தருகே கட்டைவிரலை வைத்து, மற்ற விரல்களை மடக்கி, மணிக்கட்டை மட்டும் ஒருமுறை அசைக்கிறார். அவ்வளவுதான். அந்த வேலையைத் திண்ணையில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்த வண்டிக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"அவ்ளோதானா தம்பி?"

"போதும்ணே."

"கழண்டுக்காதே?"

"கழலாதுண்ணே."

"இல்ல, எதுக்கும் உள்ள ரெண்டடி பைப் இருக்கு. எடுத்தாரட்டுமா?"