மூன்றாம் பாகத்துக்குக் காத்திருப்பது எப்படி?
பரமக்குடிக் குடும்பங்களுக்கான நடைமுறைக் கையேடு

தாத்தா, அப்பா, பேரன் மூன்று பேரும் ஒரே நடிகருக்கு ரசிகர்களாக இருப்பது மற்ற ஊர்களில் தற்செயல். பரமக்குடியில் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1954 நவம்பர் 7 அன்று கமல்ஹாசன் பிறந்த ஊர் இது. ஆகவே ‘இந்தியன் 3’ வரவில்லை என்பது இங்கே சினிமாச் செய்தி அல்ல, குடும்ப விவகாரம்.

படம் எப்போது வரும் என்று இந்தக் கையேடு சொல்லாது. அது தெரிந்தவர்கள் கோடம்பாக்கத்திலேயே குறைவு. வரும்வரை மூன்று தலைமுறையும் ஒரே ஹாலில் சண்டையில்லாமல் உட்கார்ந்திருப்பது எப்படி என்பதை மட்டும் சொல்லும்.

காத்திருப்பில் நமக்குப் பயிற்சி இல்லாமல் இல்லை. சித்திரைத் திருவிழா நெருங்கும்போதெல்லாம் அழகர் இறங்குகிற அன்று வைகையில் தண்ணீர் இருக்குமா, மணல்தானா என்று பாலத்திலிருந்து எட்டிப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ‘இந்தியன் 2’ படப்பிடிப்பு தொடங்கிய அதே 2019இல்தான் புதிய பாம்பன் பாலத்துக்கும் அடிக்கல் நாட்டினார்கள். பாலம் 2025 ஏப்ரலில் திறந்தே விட்டது. மூன்றாம் பாகம் இன்னும் அக்கரையில் நிற்கிறது.

முதல் படி: யார் எதற்குக் காத்திருக்கிறார் என்று கண்டுபிடியுங்கள்

மூவரும் ஒரே படத்துக்குத்தான் காத்திருக்கிறார்கள் என்று நினைப்பதில்தான் எல்லாத் தகராறும் தொடங்குகிறது.

தாத்தா படத்துக்குக் காத்திருக்கவில்லை. ஆளுக்குக் காத்திருக்கிறார். அவருக்குக் கமல் இன்றும் வக்கீல் சீனிவாசன் வீட்டுக் கடைக்குட்டி. 1960இல் ‘களத்தூர் கண்ணம்மா’ வந்தபோது, “நம்ம ஊர்ப் பய” என்று கூடப் படித்தவர்களிடம் பீற்றிக்கொண்ட தலைமுறை அது. அதற்கப்புறம் வந்த படமெல்லாம் அவருக்கு ஊரைவிட்டுப் போன பிள்ளை போடுகிற கடுதாசி. 2018 பிப்ரவரி 21 அன்று ராமேஸ்வரத்தில் கலாம் வீட்டிலிருந்து கிளம்பி, மதுரையில் கட்சி தொடங்கப் போகிற வழியில் கமல் இந்த ஊரில் நின்று பேசியதும், 2019 பிறந்தநாளன்று அப்பாவுக்குச் சிலை திறக்க வந்ததும் தாத்தாவின் கணக்கில் முக்கியமான இரண்டு ரிலீஸ்கள்.

அப்பா 1996க்குக் காத்திருக்கிறார். அந்த மே மாதம் ‘இந்தியன்’ வந்தபோது அவருக்கு வயது இருபது. படத்தின் கடைசியில் இந்தியன் தாத்தா சேனாபதி வெளிநாட்டிலிருந்து போன் செய்து, தேவைப்பட்டால் திரும்பி வருவேன் என்கிறார். அப்பா அதை வசனமாக எடுத்துக்கொள்ளவில்லை, வாக்குறுதியாக எடுத்துக்கொண்டார். சேனாபதியாக நடித்தபோது கமலுக்கு 41 வயது. கிழவனாக்க ஹாலிவுட்டிலிருந்து மேக்கப் நிபுணர் வரவேண்டியிருந்தது. அப்பா அந்த உதவியெல்லாம் இல்லாமலே அந்தத் தோற்றத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார். இதை அவரிடம் சொல்ல வேண்டாம்.

பேரன் அப்டேட்டுக்குக் காத்திருக்கிறான். படம் வந்தால் மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அப்டேட் வருஷம் முழுக்க வரும். போஸ்டர் வரப்போகிறது என்பதற்கு ஒரு போஸ்டர், அது வரும் நேரத்தைச் சொல்ல இன்னொரு போஸ்டர் என்று அவன் வாழ்க்கை நிறைவாகத்தான் இருக்கிறது. அவனைப் பார்த்து யாரும் பரிதாபப்பட வேண்டியதில்லை.

அம்மாவை எந்தப் பிரிவிலும் அடைக்க முடியாது. அதே 1996 தீபாவளிக்கு ‘அவ்வை சண்முகி’யும் வந்ததே! “தாத்தா மட்டும் ரெண்டு தடவ, மூணு தடவ வர்றாரு. மாமி ஏன் வரல?” என்று அவர் கேட்கிற கேள்விக்கு வீட்டிலும் பதில் இல்லை, கோடம்பாக்கத்திலும் இல்லை. அடுப்படியிலிருந்து இந்தக் கேள்வி வந்தால் மூன்று ஆண்களும் உடனே டிவி சத்தத்தைக் கூட்டுவது வழக்கம்.

இரண்டாம் படி: பேச்சு வரம்புகளை வகுத்துக்கொள்ளுங்கள்

அ. பட்டப்பெயரில் சண்டை கூடாது. தாத்தா ‘காதல் இளவரசன்’ என்பார், அப்பா ‘உலகநாயகன்’ என்பார், பேரன் ‘ஆண்டவர்’ என்பான். பட்டமே வேண்டாம், கமல் என்றோ கேஹெச் என்றோ கூப்பிடுங்கள் என்று அவரே 2024 நவம்பரில் கேட்டுக்கொண்டார். அவர் சொல்லி ரசிகர்கள் எதைக் கேட்டிருக்கிறார்கள்?

ஆ. சினிமாட்டிக் யூனிவர்ஸ் பற்றித் தாத்தாவிடம் விளக்காதீர்கள். விளக்கினால் இப்படித்தான் முடியும்:

“தாத்தா, கைதி பாத்துட்டுத்தான் விக்ரம் பாக்கணும். அப்பத்தான் புரியும்.”

“எந்தக் கைதிடா? கைதி கண்ணாயிரமா?”

“அது எதுலயும் கனெக்ட் ஆகாது தாத்தா.”

“ஏன் ஆகாது? மனோகர் என்னமா நடிச்சிருப்பாரு!”

‘கைதி கண்ணாயிரம்’ வந்ததும் ‘களத்தூர் கண்ணம்மா’ வந்த அதே 1960இல்தான். தாத்தாவின் யூனிவர்ஸ் அங்கே தொடங்குகிறது. அதில் லோகேஷ் கனகராஜுக்கு இன்னும் இடம் ஒதுக்கவில்லை.

இ. “எங்க காலத்துல” என்று அப்பா ஆரம்பித்தால் அதிகபட்சம் ஐந்து நிமிடம் கொடுக்கலாம். படப்பெட்டி வந்து இறங்குகிறதா என்று பார்க்கப் போன கதையை அதற்குள் முடித்துவிட வேண்டும். இப்போது பெட்டியும் இல்லை, ரீலும் இல்லை. படம் டிஜிட்டலாக வந்து சேருகிறது என்று பேரன் குறுக்கிடக் கூடாது. அது அப்பாவுக்கும் தெரியும்.

ஈ. தாமதத்துக்குக் காரணங்களை அடுக்கும்போது ஒரு இடத்தில் கேலியை நிறுத்துங்கள். 2020 பிப்ரவரியில் ‘இந்தியன் 2’ படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூன்று பேர் உயிரிழந்தார்கள். அதற்குப் பின் வந்த கொரோனாவையும், தயாரிப்பு நிறுவனத்துக்கும் இயக்குநர் ஷங்கருக்கும் நடந்த கோர்ட் வழக்கையும் வேண்டியமட்டும் கிண்டல் செய்துகொள்ளலாம்.

உ. தலைமுறைத் தகராறு முற்றினால் தீர்வுக்குப் படத்தைப் பார்க்காதீர்கள். முதல் பாகத்தில் அப்பா மகனைக் கொன்றுவிடுகிறார்.

மூன்றாம் படி: முதல் நாள் முதல் காட்சிக்கான ஏற்பாடு

2023 ஜனவரிக்கு முன்பெல்லாம் பெரிய படம் என்றால் அதிகாலை நாலு மணிக் காட்சி உண்டு. அந்த நேரத்துக்கு அலாரம் இல்லாமல் எழுந்திருக்கிறவர் வீட்டில் தாத்தா ஒருவர்தான். அவரைத்தான் யாரும் கூப்பிட்டதில்லை. இப்போது ஒன்பது மணிக்குத்தான் முதல் காட்சி. பேரனுக்குத் தூக்கம் மிச்சம், தாத்தாவுக்கு இட்லி சாப்பிட்டுவிட்டே போகலாம். அரசாங்க உத்தரவு ஒன்று எங்கள் வீட்டில் இருவருக்கும் ஒத்துப்போனது இதுவரை இதில் மட்டும்தான்.

இடத்தேர்வு கொஞ்சம் சிக்கல். நல்ல சவுண்ட் வேண்டும் என்று எழுபது கிலோமீட்டருக்கு மேல் பஸ் ஏறி மதுரைக்குப் போய்விடுவான் பேரன். உள்ளூர் தியேட்டரில்தான் பார்ப்பேன் என்று அப்பா பிடிவாதம் பிடிப்பார். படத்தைவிட அவருக்கு இடைவேளையில் பார்க்கிற பழைய முகங்கள் முக்கியம். தாத்தா டிவியில் போடும்போது பார்த்துக்கொள்வார். டிக்கெட் எடுக்கும்போது ஆன்லைனில் கூடுதலாகப் பிடிக்கிற கட்டணத்தை அவரிடம் காட்ட வேண்டாம். சேனாபதி முதல் பாகத்தில் எதற்கெதற்கு வர்மக் கை நீட்டினார் என்று அவருக்கு நினைவு வந்துவிடும்.

நான்காம் படி: படம் ஏமாற்றினால் செய்ய வேண்டிய முதலுதவி

இதற்கு ஒத்திகை 2024 ஜூலை 12 அன்றே நடந்துவிட்டது. ‘இந்தியன் 2’ முடிந்து விளக்கு எரிந்தபோது மூன்று தலைமுறையும் வரலாற்றில் முதல்முறையாக ஒரே கருத்துக்கு வந்தன. சில நாளில் படத்தில் 12 நிமிடத்தை வெட்டினார்கள். எந்த 12 நிமிடம் என்று கண்டுபிடிக்க இரண்டாவது தடவை போகிற அளவுக்கு நம் வீட்டில் யாருக்கும் மனசு வரவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் படத்தில் இளைஞர்கள்தான் “திரும்பி வா” என்று இந்தியன் தாத்தாவைக் கூப்பிடுகிறார்கள். வந்து அவர் சொன்னபடி தத்தம் வீட்டில் கை வைத்ததும் “திரும்பிப் போ” என்று கத்துகிறவர்களும் அவர்களேதான். தியேட்டர் வாசலிலும் அன்று அதுதான் நடந்தது. 28 வருஷம் கூப்பிட்டுவிட்டு மூன்று மணி நேரத்தில் அனுப்பிவைத்தோம். அந்தப் படம் நம்மைச் சரியாகக் கணித்த இடம் அது ஒன்றுதான்.

முதலுதவி முறை: அப்பாவைத் தனியாக விடாதீர்கள். 1996 படத்தைப் போட்டுக் கொடுங்கள். சுஜாதா வசனத்தில் ஒரு காட்சி ஓடினால் ரத்த அழுத்தம் இறங்கிவிடும். பேரனுக்கு மருந்து தேவையில்லை. இடைவேளைக்குள்ளேயே நாலு மீம் போட்டு அவன் குணமாகியிருப்பான். தாத்தா, “பய இளைச்சுட்டான்” என்று மட்டும் சொல்வார். அது விமர்சனம் அல்ல.

ஐந்தாம் படி: கணக்குப் போட்டு மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்

கமல் படங்களின் இரண்டாம் வருகைகளை வரிசைப்படுத்துங்கள். ‘விஸ்வரூபம்’ 2013, அடுத்தது 2018: இடைவெளி 5 வருஷம், தேறவில்லை. ‘இந்தியன்’ 1996, அடுத்தது 2024: 28 வருஷம், தேறவில்லை. ‘விக்ரம்’ 1986, அடுத்தது 2022: 36 வருஷம், பிய்த்துக்கொண்டு ஓடியது. இதிலிருந்து தெரிவது என்ன? ஊறவைக்கிற காலம் 36 வருஷத்துக்குக் குறையக் கூடாது.

அப்படியானால் ‘இந்தியன் 3’ வரவேண்டிய வருஷம் 2060. அப்போது கமலுக்கு வயது 106. சேனாபதி பிறந்தது 1918 என்று முதல் பாகமே சொல்வதால், இரண்டாம் பாகத்தில் அவருக்கும் வயது 106தான். மேக்கப் செலவு முழுதாக மிச்சம். தயாரிப்பாளர்கள் இதை யோசிக்கலாம்.

பேரன் அன்றைக்கு அப்பாவின் இப்போதைய வயதைத் தாண்டியிருப்பான். “எங்க காலத்துல அப்டேட்டுன்னு ஒண்ணு வரும்” என்று தொடங்குவான். அவனுக்கும் ஐந்து நிமிடம் கொடுக்கச் சொல்லி இப்போதே எழுதிவையுங்கள்.

ஆறாம் படி: தேர்ந்தவர்களுக்கு மட்டும்

மேலே சொன்னவை எல்லாம் கைகூடியவர்கள் ‘மருதநாயகம்’ பிரிவுக்கு உயரலாம். 1997 அக்டோபர் 16 அன்று சென்னையில் எலிசபெத் ராணியே வந்து தொடங்கிவைத்த படம். மதுரையில் 1764இல் தூக்கிலிடப்பட்ட கான்சாகிபின் கதை. அவர் பிறந்ததாகச் சொல்லப்படும் பனையூர் நம் ராமநாதபுரம் சீமையிலேயே இருப்பதால் இதில் நமக்கு இரட்டை உரிமை உண்டு. ராணி 2022இல் காலமாகிவிட்டார். படம் வரவில்லை.

கமல் ரசிகர் எவரிடமாவது கேட்டுப் பாருங்கள். தாத்தாவோ அப்பாவோ பேரனோ, அந்தப் படத்தைப் பற்றி ஒரு குறை சொல்ல மாட்டார்கள். நீளம் அதிகம் என்றோ, பின்னணி இசை சரியில்லை என்றோ, பழைய மாதிரி இல்லை என்றோ ஒரு சொல் இருக்காது. வராத படத்துக்கு மட்டுமே அந்தக் கௌரவம் கிடைக்கும்.

கடைசியாகச் சில சந்தேகங்கள்

கேள்வி: அம்மா கேட்பதற்கு என்ன பதில் சொல்வது?
பதில்: கிரேஸி மோகன் இல்லாமல் மாமி வந்தால் சிரிப்பு வராது என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான், அம்மாவும் ஒத்துக்கொள்வார்.

கேள்வி: மூவரில் யாருடைய காத்திருப்பு ஒசத்தி?
பதில்: மூன்று டிக்கெட்டுக்கும் காசு கொடுப்பவருடையது.

கேள்வி: திடீரென்று படம் வந்தேவிட்டால்?
பதில்: பதற வேண்டாம். இரண்டாம் பாகத்தின் கடைசியில் மூன்றாம் பாகத்துக்கு ட்ரெய்லர் போட்டதுபோல, இதன் கடைசியிலும் ஏதாவது இருக்கும். இல்லாமல் போனால்தான் சிக்கல். இவ்வளவு நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தாத்தாவும் அப்பாவும் பேரனும் செல்போனைக் கீழே வைத்துவிட்டுப் பேசிக்கொண்ட விஷயம் வீட்டில் இது ஒன்றுதான். வேறொன்றை இப்போதே தேடி வையுங்கள்.