ஆறு ‘உம்’ போட்ட காதல்

கே: அடிக்கு அடி கடைசியில் ஒரே ஓசை வந்தால்தான் காதல் பாட்டு என்கிறான் எங்கள் கைமடிப் பையன். சரியா?
– பேட்லாக் டெய்லர், 15 வேலம்பாளையம்

ப: அவன் ஸ்காட்லாந்துக் கட்சி! ராபர்ட் பர்ன்ஸ், நாட்டுப்புறத்தார் பாடக் கேட்டு எடுத்த, 1794-இல் அச்சேறிய சிவப்பு ரோஜாப் பாட்டு அப்படித்தான். ஓர் அடியில் நான்கு அழுத்தம், அடுத்ததில் மூன்று. இரண்டாம் அடியும் நான்காம் அடியும் முடிவில் இயையும். நம் பழம்பாட்டுக்கு ஓசை தலைமாட்டில்: முதலெழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாமெழுத்து ஒன்றினால் எதுகை. வாலில் ஒலிப்பதைச் சினிமா பார்த்துக்கொள்ளும்.

கே: சொன்னதையே திரும்பச் சொன்னால், கவிஞரிடம் சரக்கு தீர்ந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?
– கட்டிங் மாஸ்டர், அனுப்பர்பாளையம்

ப: பனியனில் தையலைத் திருப்பி ஓட்டுவது நூல் மிச்சமிருப்பதாலா? பர்ன்ஸ் ஒரு கண்ணியின் கடைசி அடியை எடுத்தே அடுத்த கண்ணியைத் தொடங்குகிறார். நம்மவர் அதை அந்தாதி என்பார்கள்.

கே: கல்யாண ஃபிளெக்ஸில் எல்லாம் குறுந்தொகை 40-ஆம் பாட்டுதான். அதில் அடிதோறும் எதுகையைத் தேடினேன், காணோம்!
– செக்கிங் பிரிவு வாசகி, அங்கேரிபாளையம்

ப: உங்கள் கண்ணுக்கு டேமேஜ் தப்பாது. ஆனால் இது டேமேஜ் இல்லை. பாட்டு ஆசிரியப்பா என்னும் அகவல்; அதற்கு அடியெதுகை கட்டாயமில்லை. அடிக்குள்ளே பாருங்கள். இரு தாய்மாரைக் குறிக்கும் சொற்களுக்கு இரண்டாமெழுத்து ஒன்று. இரு தந்தையருக்கும் அப்படியே. பிரிந்துவிடுவானோ என்று பயந்தவளிடம் அவன் பேசுகிறான். இரு தாய், இரு தந்தை, இரு காதலர் என்று ஜோடி ஜோடியாக எண்ணுவதில் முதல் மூன்று அடிக்குள் ஆறு ‘உம்’ விழுகிறது. எல்லாம் தனித்தனி ஆள்.

நான்காம் அடியில் ஒரு சீர் குறைகிறது. நேரிசை ஆசிரியப்பாவில் கடைசிக்கு முந்தைய அடி முச்சீர்தான், விதி. செம்மண்ணில் விழும் மழையை அந்தக் குறுகிய அடியில் கவிஞர் கொண்டுபோய் வைத்தாரே, அது விதியில்லை, கெட்டிக்காரத்தனம். அதற்குப் பிறகு ஒரு ‘உம்’கூட இல்லை. கலந்துவிட்டவர்களை எப்படி எண்ணுவது? அந்த உவமையே அவருக்குப் பெயராகவும் ஆனது: செம்புலப்பெயனீரார்.

கே: நொய்யலில் சிவப்பாய் ஓடியதும் செம்புல நீர்தானே?
– குறும்பு வாசகர், மங்கலம்

ப: அது சாயநீர்! 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது நினைவிருக்கிறதா? சாயநீரிலிருந்து உப்பைப் பிரிக்க ஆர்.ஓ. இருக்கிறது. செம்புலப்பெயனீரார் சொன்ன தண்ணீருக்கு எந்தப் பிளான்ட்டும் கிடையாது.