கொசுவை எண்ணின முதலாளி

வா மாப்ளே. தியானம் பண்ண ஆரம்பிச்சுட்டயாமா, உன்ற அம்மா சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டா. காத்தால ஆறு மணிக்குக் காதுல மாட்டிக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, போனுக்குள்ள ஒரு வெள்ளைக்காரன் 'இழு'ன்னா மூச்சை இழுக்கறயாம், 'உடு'ன்னா உடறயாம். நெம்ப நல்லது. பொறந்ததுல இருந்து ஒருத்தரையும் கேக்காம நீயா உட்டுக்கிட்டிருந்த மூச்சுக்கு இப்ப மாசச் சந்தா கட்டறே. திருப்பூருல பனியன் கம்பெனி வச்சிருக்கறவன் இந்தச் செலவுகூடப் பண்ணலைன்னா அப்புறம் என்ன முதலாளி?

எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? நாலாங் கிளாஸோட மாட்டுக்குப் பின்னால போனவன். தெரிஞ்சதெல்லாம் உன்ற மக படிச்சுச் சொன்னது. காலேஜ் லீவுல இங்கதான் திண்ணையில உக்காந்துக்கிட்டு எனக்குப் பாடம் எடுத்துச்சு. 'உங்கப்பன்கிட்டச் சொல்றதுதான கண்ணு'ன்னேன். 'போனேன் தாத்தா, அப்பா மெடிட்டேஷன்ல இருந்தாரு, அப்புறம் வான்னு கையைக் காட்டிட்டாரு'ன்னுச்சு.

அது சொன்னதுல எனக்குப் புடிச்சது அப்ப ட்விட்டர் கம்பெனிய நடத்திக்கிட்டிருந்தவரு கதை. ஜாக் டார்சின்னு பேராமா. 2018ல மியான்மருக்குப் போயி பத்து நாள் வாயைத் தொறக்காம விபாசனான்னு ஒரு தியானம் பண்ணியிருக்காரு. அந்த வைராக்கியம் லேசுல வராது, ஒத்துக்கறேன். முடிச்சு எந்திரிச்சு வந்ததும் என்ன பண்ணாருங்கறே? ட்விட்டர்லயே வரிசையா எழுதித் தள்ளுனாரு. மாண்டலேயில ஒரு குகைக்குள்ள உக்காந்தப்ப முதல் பத்து நிமிசத்துல கொசு 117 தடவை கடிச்சுதுன்னு ஒண்ணு. விளக்கு போனதும் கொசு உட்டுருச்சு, நாடித்துடிப்பு எறங்குனதைப் பாருங்கன்னு அதுக்கொரு கணக்கு. அதே நாட்டுல இருந்து அதுக்கு முந்தின வருசந்தான் ஏழு லட்சம் ரோஹிங்கியா சனங்களை அடிச்சுத் தொரத்தியிருந்தாங்க. அதைப் பத்தி அந்த வரிசையில ஒரு வார்த்தை இல்லை. நாடு அழகு, எல்லாரும் போயிட்டு வாங்கன்னு மட்டும் சொல்லியிருந்தாரு. உலகமே திட்டித் தீர்த்துச்சாம். கொசு ஒவ்வொண்ணும் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு, சனம் தெரியலை.

அவரு பெரிய ஆளு, நமக்கெதுக்கு. உன்ற கதைக்கு வா. போன மாசம் கட்டிங் மாஸ்டரு உன்ற ரூமுக்கு வந்தாரா இல்லையா? 'டையிங்ல இருந்து வந்த ரோல்ல ரெண்டு லாட்டு கலந்து கெடக்குது, ஷேடு ஒத்து வரலைங்க, நிறுத்திக்கலாமுங்களா'ன்னு கேட்டாரா இல்லையா? நீ பையருக்கு மெயில் அடிச்சுக்கிட்டே, காதுல இன்னொருத்தன்கூடப் பேசிக்கிட்டே, 'சரி சரி, பாத்துக்கங்க'ன்னே. அவரும் பாத்துக்கிட்டாரு, வெட்டிட்டாரு. பவர் டேபிள்ல தெச்சு, செக்கிங்குக்கு வந்து வெளிச்சத்துல புடிச்சா கை ஒரு நெறம், பாடி ஒரு நெறம். அப்ப நீ போட்ட சத்தம் அக்கட்டால தெரு வரைக்கும் கேட்டுச்சாமா. காத்தாலதான் கோவத்தையெல்லாம் மூச்சோட வெளிய அனுப்பிச்சுட்டு வந்தே. அது நேரா உன்ற கம்பெனிக்குப் போயி செக்கிங் டேபிள்கிட்டக் காத்துக்கிட்டு நின்னிருக்குது.

அந்த மனுசன் பேசுனது அரை நிமிசம் இருக்குமா? அந்த அரை நிமிசம் லேப்டாப்பை மூடிட்டு அவரு மூஞ்சியப் பாத்திருந்தேன்னா, சந்தா கட்டுனதுக்கு அன்னிக்கே வட்டியும் மொதலும் வந்திருக்கும்.

கோவிச்சுக்காதே, உன்னைய மட்டும் சொல்லலை. ஹார்வர்டுல கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட்னு ரெண்டு பேரு (சொல்லறதுக்குள்ள எனக்கு நாக்கு சுளுக்குது), 2,250 பேருக்குப் போன்லயே நேரங்கெட்ட நேரத்துல மணி அடிச்சு, இப்ப என்ன பண்ணிக்கிட்டிருக்கறே, மனசு எங்க இருக்குதுன்னு கேட்டிருக்காங்க. 2010ல கணக்கு வெளிய வந்துச்சு. முழிச்சிருக்கற நேரத்துல 46.9 சதம் மனசு கையில இருக்கற சோலியில இல்லை, வேற எங்கியோ திரியுது. திரியறப்பத்தான் மனுசனுக்குச் சந்தோசமும் கொறையுதாம். நல்ல நெனைப்பா நெனைச்சுக்கிட்டுத் திரிஞ்சாலும், சோலியில ஊனி இருந்ததைவிட ஒரு குண்டுமணிகூடக் கூடுதல் இல்லையாம். மணி அடிச்சு அடிச்சுக் கேட்டதுலயே பாதிப்பேருக்குக் கவனம் போயிருக்கும்னு எனக்கொரு சந்தேகம், அது கெடக்கட்டும்.

மனசு ஓடறதுக்கு நீ என்ன பண்ணுவே, பாவம். ஆயிரத்தஞ்ஞூறு வருசத்துக்கு முந்தி அநுராதபுரத்துல உக்காந்து விசுத்திமக்கம்னு புத்தகம் எழுதுன புத்தகோசர்ங்கற பிக்கு இதைச் சொல்லியிருக்காரு. நம்ம காஞ்சிபுரத்துலயும் தங்கி இருந்துட்டுப் போனவருதான். பாலுக்குத் துள்ளற கன்னுக்குட்டிய ஒரு தூண்ல கட்டுனா முதல்ல அங்கயும் இங்கயும் இழுக்கும், ஓட முடியாதுன்னு தெரிஞ்சதும் தூணோரமாப் படுத்துக்கும். மூச்சு தூணு, கவனம் கவுறுன்னு எழுதி வச்சிருக்காரு. கன்னு கட்டறதுல எனக்கு அந்தச் சாமி பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவரு சொல்லாத ஒண்ணை நான் சொல்றேன் கேட்டுக்க. கன்னு துள்ளறதைப் பாத்து, 'ஐயோ எனக்குக் கட்டத் தெரியலை'ன்னு கவுத்தை அவுத்துட்டுப் போறவன்தான் உங்க கூட்டத்துல நெம்பப் பேரு. மனசு ஷிப்மென்ட்டுக்கு ஓடிருச்சா, ஓடிருச்சுன்னு தெரிஞ்சுதா, இழுத்துக்கிட்டு வந்து மறுபடியும் கட்டு. நூறு தடவை ஓடுனா நூறு தடவையும் இழு. அந்த இழுக்கற வேலைக்குப் பேருதான் பழக்கம். ஒரே நாள்ல படுக்கோணும்னா, நீ கன்னு வளக்கக் கூடாது, பொம்மை வாங்கி வைக்கோணும்.

'மாமா, எனக்கு எங்க நேரம்'னு வாயெடுப்பே. எடு. அதுக்கும் பதிலைப் பொறுக்கி வச்சிருக்கேன். இன்னிக்கு ஊரெல்லாம் விபாசனான்னு பேசறதுக்குக் காரணமா இருந்த கோயங்கா சந்நியாசி இல்லை மாப்ளே, உன்னாட்டம் தொழிலதிபரு. 1924ல மாண்டலேயில பொறந்த மார்வாடி. யாவாரம் கொழிச்சுது, கூடவே ஒத்தைத் தலைவலியும் கொழிச்சுது. மார்ஃபின் ஊசி போட்டாத்தான் அடங்கற வலி. வெளிநாடெல்லாம் சுத்தி வைத்தியம் பாத்தும் தீராம 1955ல ஊ பா கின்ங்கறவருகிட்டப் போயி நின்னாரு. அவரு என்ன சொன்னாரு தெரியுமா? தலைவலிக்குன்னு வந்தியானா போயிரு, இது அதுக்கில்லைன்னுட்டாரு. மனசைச் சுத்தம் பண்ண வர்றதா இருந்தா வா, வலி போனா அது மேக்கொசுறுன்னு அர்த்தம். நீ உன்ற போன்ல 'பத்து நிமிசத்துல டென்சன் போகும்'னு படிச்சுட்டுச் சேந்தியே, உன்னைய அவரு வாசப்படியே மிதிக்க உட்டிருக்க மாட்டாரு.

அந்த ஊ பா கின் யாருங்கறே? காவி கட்டுன சாமியாருன்னு நெனைச்சா அது தப்பு. பர்மா அரசாங்கத்துக்கே கணக்கு அதிகாரி, அக்கவுண்டண்ட் ஜெனரல். ஒரே நேரத்துல மூணு நாலு துறையைக் கட்டி மேய்ச்சிருக்காரு. ஆபீசுலயே குமாஸ்தாக்களுக்குத் தியானம் சொல்லிக் குடுத்திருக்காரு. பைல் பாத்த நேரம் பைலு, ஆளைப் பாத்த நேரம் ஆளு. அவருக்கு இருந்த சோலியில கால்வாசி உனக்கு இருக்குமா? அவருக்கு வாட்ஸப் குரூப்பு இல்லை, அதை மட்டும் ஒத்துக்கறேன்.

1960கள்ல பர்மாவுல ராணுவ ஆட்சி வந்து கம்பெனிகளையெல்லாம் நாட்டுடைமை ஆக்குனப்ப கோயங்காவோடதும் போச்சு. மூச்சைக் கவனிச்சா கம்பெனி தப்பிக்கும்னு எவனாவது சொன்னா, இதைக் காட்டு. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்காக்காரன் நம்ம சரக்குக்கு 50 சதம் வரி போட்டானே, நீ சம்மணம் போட்டு உக்காந்ததுக்காக ஒரு சதம் கொறைச்சானா? வரி அங்கயேதான் இருந்துச்சு. ஆனா நீ ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சுக்கிட்டு, ஆர்டரு போச்சு, பேங்க்காரன் வந்துட்டான், வீடு ஏலத்துக்குப் போச்சு, மகளைக் கட்டிக்க எவன் வருவான்னு, விடியறதுக்குள்ள நாலு தலைமொறைக்கு ஓட்டாண்டி ஆயிட்டே பாரு, அது எவன் போட்ட வரி? அது நீயே உன்ற மேல போட்டுக்கிட்டது. அதைக் கொறைக்கத்தான் இந்தப் பழக்கம். அமெரிக்காக்காரன் வரிக்கு ஆடிட்டரைப் பாரு, வேற நாட்டுப் பையரைத் தேடு.

சாப்பாட்டையும் சொல்லிப்போடறேன். அமெரிக்காவுல கபட்-ஜின்னுன்னு ஒருத்தரு, 1979ல மாசாசூசெட்ஸ் ஆஸ்பத்திரியில, வைத்தியத்துக்கு அடங்காத வலிக்காரங்களைக் கூட்டி வச்சுப் பயிற்சின்னு ஒண்ணு ஆரம்பிச்சாரு. அதுல ஒரு பாடம், ஒத்தை உலர்ந்த திராட்சைய எடுத்து உருட்டிப் பாத்து, மோந்து, மெதுவா மென்னு திங்கறது. நீ போன்ல கண்ணை வச்சுக்கிட்டு அரிசிம்பருப்பு சோறு திங்கறதை நான் பாத்திருக்கேன். உன்ற சம்சாரம் நெய்யி ஊத்துனாளா இல்லையான்னு கேட்டா உனக்குத் தெரியாது. திராட்சை வாங்கற செலவெல்லாம் வேண்டாம், வீட்டுச் சோத்தைப் பாத்துத் தின்னு. ஊத்துன நெய்யுக்கு ஒரு வார்த்தை சொல்லு, அவளும் மனுசிதான்.

அடுத்தாப்புல உனக்கு என்ன ரோசனை வரும்னும் எனக்குத் தெரியும். கம்பெனியில ஆளுகளுக்குத் தியான வகுப்பு வைக்கலாம்னு வரும். ஒன்றரை ஷிப்ட்டு நின்னு கால் வீங்கிப்போன புள்ளைகிட்டப் போயி, 'மனசை லேசாக்கு கண்ணு'ன்னு சொல்லிப் பாரு. அது கண்ணை மூடிக்கிட்டு உன்னையத்தான் நெனைக்கும், நல்லபடியா நெனைக்காது. வகுப்புக்கு ஆகற காசுல ரெண்டு ஆளைச் சேத்துப் போட்டு, இருக்கறவங்களை நேரத்துக்கு வீட்டுக்கு அனுப்பு. அதோட ஒரு நாளைக்கு ஒரு தடவை போனை மேசை டிராயர்ல போட்டுப் பூட்டிட்டு, கட்டிங்ல இருந்து பேக்கிங் வரைக்கும் சும்மா நடந்துட்டு வா. ஒண்ணும் சொல்லாதே, கேளு. முதல் நாள் ஆளுக பயந்துக்குவாங்க, முதலாளிக்கு ஒடம்பு சரியில்லையோன்னு. போச்சாது உடு, பழகிக்குவாங்க.

இதெல்லாம் பத்தாது, முழுசாவே கத்துக்கறேன்னு தோணுச்சுன்னா, மெட்ராசுக்குப் பக்கத்துல திருமுடிவாக்கத்துல கோயங்கா முறையில பத்து நாள் சொல்லிக் குடுக்கற மையம் இருக்குது. காத்தால நாலு மணிக்கு மணி அடிச்சு எழுப்பி உட்டுருவாங்க. பேச்சு கெடையாது, படிப்பு எழுத்து கெடையாது. கிறிஸ்துமஸ் ஆர்டரை ஏத்தி உட்டுட்டு, சனிக்கிழமைச் சம்பளப் பொறுப்பை உன்ற தம்பிகிட்டக் குடுத்துட்டுப் போ. தங்கறதுக்கும் சோத்துக்கும் காசு கேக்க மாட்டாங்க. போனைத்தான் உள்ள போறப்பவே வாங்கி வச்சுக்குவாங்க. அதைக் குடுக்க மனசு வந்துச்சுன்னா பேரைப் பதிஞ்சுக்க, வரலைன்னா அந்த எடத்தை வேற ஒருத்தனுக்கு உட்டுரு.