துரை உட்கார நாலு பேர் வேண்டும்

மலாக்கா சாலைகளைப் பற்றி முதல் புகார் கொடுத்தவர் குனோங் லேடாங் இளவரசி. சுல்தான் மாமுட் ஷா பெண் கேட்டு ஆள் அனுப்பியபோது அந்த அம்மாள் போட்ட நிபந்தனைகளில் முதலில் வருவது, மலாக்காவிலிருந்து மலைக்கு ஒரு தங்கப் பாலமும் ஒரு வெள்ளிப் பாலமும். ஏழு தாம்பாளம் கொசு நெஞ்சு கேட்டதெல்லாம் அப்புறம்தான். இதைத் திமிர் என்று சொல்கிறவர்கள் மழைக்காலத்தில் அசஹான் தோட்டத்துச் செம்மண் பாதையில் போயிருக்க மாட்டார்கள். பல்லக்குக்கு ஸ்பிரிங் கிடையாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சுல்தான் பாலம் கட்டவில்லை. 1511-ல் அல்புகெர்க்கே வந்து ஊரையே எடுத்துக்கொண்டார். 1641-ல் டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர். கோட்டை கட்டினார்கள், கோட்டையை இடித்தார்கள், வரி போட்டார்கள். மாட்டு வண்டியின் அச்சை மட்டும் ஒருவரும் தொடவில்லை. குறுக்கே ஓர் அச்சு, இரண்டு முனையில் இரண்டு சக்கரம். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அடுத்தது அண்ணாந்து பார்க்கும், நடுவில் வண்டிக்காரரின் இடுப்பு கணக்குத் தீர்க்கும். இன்று பையன்கள் பல்லாயிரம் ரிங்கிட் செலவழித்துக் காடியின் முன்பக்கம் மாட்டும் ‘சாலிட் ஆக்சில்’ அடிப்படையில் இதேதான். கோயில் தேருக்கும் அதுதான் ஏற்பாடு. சாமிக்கு முதுகுவலி வருவதில்லை.

1888-ல் இரண்டு காரியம் நடந்தது. அங்கே டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். இங்கே சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு ரிட்லி வந்து சேர்ந்தார். ரிட்லி பை நிறைய ரப்பர் விதையோடு அலைந்து, பார்த்தவரிடமெல்லாம் நடச் சொன்னார். காப்பித் தோட்டக்காரர்கள் அவருக்குப் ‘பைத்தியம்’ என்று பட்டம் கட்டினார்கள். நம்பிய பெரிய மனிதர் மலாக்காவின் தான் செய் யான். 1896-ல் புக்கிட் லிந்தாங்கில் நட்டார், பிறகு புக்கிட் அசஹானில் பெரிதாக நட்டார். பைத்தியத்தை நம்பியவர் பணக்காரர் ஆனார். மரம் சீவ நம் ஆட்களைக் கப்பலேற்றினார்கள்.

இங்கே சீவிய பால் உறைந்து, ஷீட்டாகி, புகை குடித்து, கப்பலேறிச் சீமைக்குப் போனது. டயராகவும் ஸ்பிரிங் கண்ணில் அடிக்கும் புஷ்ஷாகவும் திரும்பி வந்து துரையின் காடிக்கு அடியில் உட்கார்ந்தது. சீவியவருக்குத் தோளில் ஒரு கம்பு, அதன் இரு முனையிலும் பால் வாளி. நடக்க நடக்க அந்தக் கம்பு வளைந்து நிமிரும். கம்பெனி நமக்குக் கொடுத்த ஒரே ஸ்பிரிங் அதுதான்.

1942 ஜனவரியில் ஜப்பான்காரன் சைக்கிளில் வந்தான். உலகத்துக்கே ரப்பர் கொடுத்த நாட்டில் அவன் டயர் பஞ்சராகிவிட்டது. டயரைக் கழற்றி வீசிவிட்டு வெறும் ரிம்மில் ஓட்டினான். இருட்டில் அந்தக் கடகடச் சத்தம் டாங்கிப் படை போலக் கேட்டதாம். மாதம் முடிவதற்குள் வெள்ளைக்காரன் சிங்கப்பூர்த் தீவுக்குள் போய்விட்டான்.

திரும்பி வந்தவனுக்குப் புது வண்டி கிடைத்தது. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாமில் லேண்ட் ரோவர் அறிமுகம். அதே ஆண்டு ஜூனில் இங்கே அவசரகாலம். அந்த வண்டிக்கு முன்னும் பின்னும் சாலிட் ஆக்சில், நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங். தோட்டாவுக்குப் பயந்து வண்டியில் இரும்புத் தகடு அடித்தார்கள். பட்டை ஸ்பிரிங் முனகிக்கொண்டே சுமந்தது.

பட்டை ஸ்பிரிங்கின் குணமே அது. அது ஒரு கங்காணி. பாரம் தாங்கும், ஆக்சில் முன்னே பின்னே ஓடாமல் பிடிக்கும், பக்கவாட்டில் நழுவ விடாது, பிரேக் அடித்தால் முறுக்கையும் வாங்கிக்கொள்ளும். எல்லாம் ஒரே சம்பளத்தில். காயில் ஸ்பிரிங் துரை. உட்கார்ந்து பாரம் தாங்குவதோடு சரி. ஆக்சிலை முன்பின் பிடிக்க இரண்டு ரேடியஸ் ஆர்ம், பக்கவாட்டில் பிடிக்க ஒரு பேன்ஹார்ட் ராடு, குதியை அடக்க ஷாக் என்று சுற்றி நாலு பேர் நிற்க வேண்டும். ஆனால் துரை உட்கார்ந்துவிட்டால் சொகுசு சொகுசுதான். 1970-ல் ரேஞ்ச் ரோவர் அதைக் காட்டியது. உழைக்கும் லேண்ட் ரோவருக்குக் காயில் வர 1983 ஆனது. சொகுசு முதலில் மேல்சாதிக்கு என்பது வண்டியிலும் உண்டு.

துரைமார் போய்விட்டார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. ஹாஃப்-கட் கடையில் பழைய லேண்ட் குரூசர் 80-ன் முன் ஆக்சில் தொங்குவதைப் பார்த்துவிட்டு, மெர்லிமாவிலிருந்து ஒரு தம்பி தன் ஹைலக்ஸோடு பட்டறைக்கு வருகிறான்.

“அண்ணே, ஆக்சிலைத் தூக்கி வச்சுட்டேன். காயிலோட மேல் கிண்ணத்துக்கு வெல்டிங் போட்டுடலாமா?”

“இன்ஜின் எங்கடா?”

“கீழ இறக்கி வச்சிருக்கேன்.”

“இன்ஜின் இல்லாத காடியில எந்த ஸ்பிரிங்கும் உசரமாத்தான் நிக்கும்.”

அண்ணன் சொல்வது அனுபவக் கணக்கு. ஒரு மூலையில் 400 கிலோ உட்கார்ந்து, ஸ்பிரிங் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 20 கிலோ கேட்டால், அது 20 சென்டிமீட்டர் அமுங்கும். மேல் கிண்ணத்தின் இடத்தை அந்த அமுங்கிய நீளத்தில்தான் குறிக்க வேண்டும். வின்ச்சும் இரும்பு பம்பரும் பிறகு வருமென்றால் அவற்றின் எடையையும் இப்போதே சேர்க்க வேண்டும்.

80-ன் ஆக்சிலை நான் சிபாரிசு செய்வதற்குக் காரணம், கீழ்க் கிண்ணமும் ஆர்ம் பிடியும் கம்பெனியிலேயே அதில் வைத்து வருவதுதான். வெறும் ஆக்சில் வாங்கிக் கிண்ணம் வெட்டி ஒட்டுகிறவர், கேஸ்டர் கோணத்தை முடிவு செய்யாமல் ஒட்டிவிட்டு, பிறகு ஆக்சிலைச் சுழற்றும்போது கிண்ணமும் சேர்ந்து சாய்வதைப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொள்வார். காடி நிற்கும் உயரத்தில் மேல் கிண்ணமும் கீழ்க் கிண்ணமும் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும். சேசிஸ் குறுகலாக இருந்தால் மேல் கிண்ணம் வெளியே தள்ளி நிற்கும். அப்போது பாரம் சேசிஸ் சட்டத்தை முறுக்கும். அதற்குத் தகடு அடித்து, குறுக்குச் சட்டமும் கொடுக்காவிட்டால் விரிசல் விடும்.

அதோடு, நீள ஷாக் போட்டுப் பெருமைப்படுகிறவர்களுக்கு ஒன்று. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது காயில் கிண்ணத்தை விட்டுக் கழன்று செம்பனை மட்டைக்கு நடுவில் விழும். கீழ்ச் சுற்றைக் கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள், அல்லது ஷாக்கின் நீளத்தைக் குறையுங்கள். ஏறும் திசையில் காயில் முழுக்க நசுங்குவதற்கு முன் பம்ப் ஸ்டாப் தட்ட வேண்டும். பேன்ஹார்ட் ராடும் ஸ்டீயரிங்கின் டிராக் லிங்க்கும் இணையாக, ஏறத்தாழ ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு குழியிலும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பும். கிண்ணத்தில் ரப்பர் பட்டையை மறக்காதீர்கள். நம் பாட்டன் சீவிய சரக்கு அது, அதில் போய்க் கஞ்சத்தனம் வேண்டாம்.

சேசிஸில் நெருப்பு வைப்பதற்கு முன் ஜே.பி.ஜே.-யிடம் அனுமதி கேளுங்கள். புஸ்பகோம் சோதனையில் காயில் அழகாக இருக்கிறதா என்று பார்க்க மாட்டார்கள். காகிதம் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள்.