கேணிக்கரை வியாகரணம்

கீரிமலைக் கேணிக்கு ஸ்நானத்துக்கு வருகிற வாலிபர்கள், ஆங்கில வகுப்பு முடிந்த கையோடு நீரிற் குதித்து, கழுத்தளவு நன்னீரில் நின்றபடியே, 'ஐ ஹாவ் சீன் ஹிம் யெஸ்ரடே' என்பது சுத்தமான பிரயோகமா, அபசாரமா என்று, அருகில் எழுந்தருளியிருக்கும் நகுலேஸ்வரப் பெருமானுக்கும் கேட்கும்படியாக வாதம் புரிகிறார்கள். படியிலே வேட்டி பிழிந்துகொண்டிருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், "நேற்று எண்டு நாளைச் சொல்லிப்போட்டால் 'ஹாவ்' வராது, தம்பி" என்று தீர்ப்பளித்தார்.

"லண்டன் மாமா அப்பிடித்தானே கதைக்கிறார், சேர்?"

"அவர் போனது எண்பத்துமூண்டிலை. அப்ப ஆரும் இலக்கணம் கேட்டு உள்ளை விடேல்லை."

வட்டுக்கோட்டையில் 1823இல் அமெரிக்க மிஷனார் தொடங்கிய செமினரி, ஆங்கிலங் கற்ற மாணாக்கர் சுவிசேஷத்தை விட்டு உத்தியோகத்தை நாடுகிறார்களென்ற விசனமும் சேர்ந்து 1855இல் மூடப்பட்டது. இக்காலத்தில் நாடிப்போவதே நோக்கமென்பதை ஒருவரும் மறைக்காதபடியால் விசனப்பட யாருமில்லை. ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையிலே 11 முதல் 14 நிமிஷம் வரை பரீட்சகரோடு சகஜமாகச் சம்பாஷிக்க வேண்டியிருப்பதால், அந்தச் சகஜத்தையே மனனஞ் செய்துவிடுவதென்பது நம்மவர் கண்ட உபாயம். 'வெல்', 'யூ நோ' முதலிய தயக்கங்கள் எந்தச் சொல்லுக்குப் பின் வரவேண்டுமென்பதைக்கூடக் கொப்பியிற் குறித்து, தேவாரம் போலப் பிழையின்றி ஒப்புவிக்கிறார்கள்.

'யூ நோ' சொல்லும்போது மூச்சை விடுகிறதா, பிடிக்கிறதா என்பது அன்றைக்குக் கடைசியாக எழுந்த சந்தேகம். நெஸ்பீல்டின் இலக்கணத்தில் அதற்கு விதியில்லையென்று சொல்லி, வாத்தியார் துவாயை உதறித் தோளிற் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.